பிராண்ட்கூட 20 வருஷ மேனேஜ்மென்ட் அக்ரிமென்ட்: ஓனர் பக்க வக்கீல் எதை எதைப் பாக்கணும்?

வைகைக்கரை வக்கீல்:

எல்லாருக்கும் வணக்கம். மதுரைல சிவில் பிராக்டிஸ் பண்றேன், பாகப்பிரிவினை, வாடகை வழக்கு, கொஞ்சம் செக் கேஸ், அவ்ளோதான் நம்ம உலகம். அப்பா காலத்துலேர்ந்து எங்க ஆபீசுக்கு வர்ற கட்சிக்காரர் ஒருத்தர், அண்ணன் தம்பி மூணு பேர் பார்ட்னர்ஷிப், ஸ்டேஷன் பக்கம் லாட்ஜ் நடத்துனவங்க. இப்ப ரிங் ரோட்டுல 60 ரூம், ஒரு கல்யாண ஹால், ஒரு ரெஸ்டாரண்ட்னு கட்டி முடிக்கிற கட்டத்துல இருக்காங்க, பேங்க் லோன்தான். பெரிய பிராண்ட் ஒண்ணு வந்து "உங்க ஓட்டல நாங்க நடத்தித் தர்றோம்"னு சொல்லி மூணு டாக்குமென்ட் அனுப்பியிருக்கு. மேனேஜ்மென்ட் அக்ரிமென்ட் ஒண்ணு, பேர் லைசென்ஸ் ஒண்ணு, சென்ட்ரல் சர்வீஸ்னு ஒண்ணு. 20 வருஷம், அதுக்கப்புறம் அவங்க விருப்பப்பட்டா இன்னொரு 10. "இது எங்க ஸ்டாண்டர்ட் பார்ம், யாருக்கும் மாத்தறதில்ல, நீங்களே ரெண்டு பக்கத்துக்கும் சேத்துப் பாத்து முடிச்சுக் குடுங்க சார்"னு அவங்க டெவலப்மென்ட் மேனேஜர் போன்ல சொல்றாரு.

ரெண்டு நாளா படிக்கிறேன், இங்கிலீஷ் புரியுது விஷயம் புரியல. பார்க்கிங் வர்ற இடம் கோயில் குத்தகை இடம், அதை வேற யோசிக்கணும். மூணு பேர்ல பெரியவருக்கு இன்னொரு கவலை, பிராண்ட் வந்தா கல்யாணம் ஆகாத ஜோடிக்கும் ரூம் குடுக்கச் சொல்வாங்களாம், போலீஸ் வந்தா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாரு. இந்த வேலை பண்றவங்க யாராச்சும் இருந்தா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க. இந்த பீல்டுக்குள்ள வரணும்னும் ஆசை இருக்கு, மதுரை, ராமேஸ்வரம், கொடைக்கானல்னு சுத்தி இவ்ளோ ஓட்டல் வருது, இங்க இதுக்குன்னு வக்கீல் யாருமில்ல.

பாரிமுனை:

தம்பி, மொதல்ல கட்சிக்காரர உக்கார வெச்சு ஒரு விஷயத்தப் புரிய வைங்க. இது வாடகை இல்ல. வாடகைன்னா ஓட்டல் ஓடுனாலும் ஓடாட்டியும் மாசம் பொறந்தா பணம் வரும். இதுல நட்டம் மொத்தமும் ஓனர் தலைலதான். கட்டடம் அவரோடது, கடன் அவரோடது, ஸ்டாஃப் அவரோட பேரோல்ல (சம்பளப் பட்டியல்ல) இருப்பாங்க, பிஎஃப், ஈஎஸ்ஐ, கிராஜுவிட்டி அவரு கட்டணும், பார் வெச்சா எஃப்எல்3 லைசென்சும் அவரு பேர்ல, கோர்ட் நோட்டீசும் அவரு பேருக்கே வரும். பிராண்ட் அவரோட ஏஜென்ட், அவ்ளோதான். ஆனா பேங்க் அக்கவுண்ட்ல கையெழுத்துப் போடறது அந்த ஏஜென்ட், ஜெனரல் மேனேஜர (ஜிஎம்) நியமிக்கிறது அந்த ஏஜென்ட், ரேட் வைக்கிறது அந்த ஏஜென்ட். 2021 ஜூன்ல மும்பை ஏர்போர்ட் பக்கம் ஹயாத் ரீஜென்சிய மூடுனாங்களே, ஓனர் கம்பெனியான ஏஷியன் ஹோட்டல்ஸ் வெஸ்ட் சம்பளத்துக்குப் பணம் அனுப்பலன்னு ஜிஎம்மே அறிவிச்சாரு. வாசல்ல இருந்த பேர் ஹயாத், பணம் போட வேண்டியது ஓனர். இந்த ஒரு உதாரணத்த சொன்னா மூணு அண்ணன் தம்பிக்கும் புரிஞ்சிடும்.

அடுத்தது, அக்ரிமென்ட்ட முன்னாடிலேர்ந்து படிக்காதீங்க, டெர்மினேஷன்லேர்ந்து படிங்க. எப்ப வெளிய வரலாம், வந்தா எவ்ளோ கட்டணும். நம்ம ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் 14ஆம் பிரிவுப்படி முடிச்சுக்கக்கூடிய தன்மை உள்ள ஒப்பந்தத்த அமல்படுத்தச் சொல்லி கோர்ட் உத்தரவு போடாது, ஓனர் ஒரு நாள் "கிளம்புங்க"ன்னா ஆபரேட்டர், அதாவது ஓட்டல நடத்தற பிராண்ட், இன்ஜங்ஷன் (தடை உத்தரவு) வாங்கிட்டு உள்ளயே உக்காந்திருக்கறது கஷ்டம். அது ஆபரேட்டருக்கு நல்லாத் தெரியும், அதனாலதான் காரணமில்லாம முடிக்கவே கூடாதுன்னு ஒரு கிளாஸ், மீறி முடிச்சா மீதி வருஷத்துக்கு எல்லாம் சராசரி பீஸப் பெருக்கிக் கட்டணும்னு இன்னொரு கிளாஸ் போட்டு வெச்சிருப்பாங்க. கான்ட்ராக்ட் ஆக்ட் 74 வந்து நியாயமான தொகைக்கு மேல தர விடாதுன்னு தைரியமா இருக்காதீங்க, அது பஞ்சாயத்துல வாதாடி ஜெயிக்க வேண்டிய விஷயம், அதுக்குப் பதிலா இப்பவே ரெண்டு வருஷ பீஸ்தான் உச்சம்னு எழுதி வாங்கறது மேல்.

பஞ்சாயத்துன்னதும் ஞாபகம் வருது, ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதிலா நடுவர் வெச்சுத் தீர்த்துக்கறது) எங்கன்னு பாருங்க. சிங்கப்பூர்னு இருக்கும். ரெண்டு பக்கமும் இந்தியக் கம்பெனியா இருந்தாக்கூட ஆர்பிட்ரேஷனுக்கு வெளிநாட்ட சட்டப்படியான இடமா (சீட்) வெச்சுக்கலாம்னு 2021ல சுப்ரீம் கோர்ட் பிஏஎஸ்எல் வழக்குல சொல்லிடுச்சு, அதனால "இது செல்லாதே"ன்னு அப்புறம் வாதாட முடியாது. ரிங் ரோட்டு ஓட்டலுக்கு சிங்கப்பூர்ல வக்கீல் வைக்கிற செலவுல இன்னொரு மாடி கட்டலாம். சென்னைன்னு மாத்துங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

இன்டெம்னிட்டி கிளாஸ, அதாவது நட்டம் வந்தா யாரு ஈடு கட்றதுங்கற கிளாஸ, வரிவரியாப் படிங்க. ஆபரேட்டர் பொறுப்பு "கடுமையான கவனக்குறைவு"க்கு மட்டும்னு இருக்கும், அதுவும் அவங்க ஹெட் ஆபீஸ் ஆளுங்க பண்ணாத்தான், ஓட்டல் ஸ்டாஃப் பண்ணது சேராது. ஏன்னா ஸ்டாஃப் ஓனரோட பேரோல்ல இருக்காங்களே. இதோட வெயிட் தெரியணும்னா டெல்லி தாஜ்மஹால் ஓட்டல் கார் வழக்கப் படிங்க. 1998ல ராத்திரி ஒருத்தர் மாருதி ஜென் கார வேலேகிட்ட (வண்டிய வாங்கி நிறுத்தித் தர்ற ஓட்டல் ஆள்கிட்ட) குடுத்துட்டு உள்ள போறாரு, வேற கார்ல வந்த பசங்கள்ல ஒருத்தன் சாவிய எடுத்து வண்டிய ஓட்டிட்டுப் போயிட்டான். டோக்கன்ல "உங்க சொந்த ரிஸ்க்"னு அச்சடிச்சிருந்துச்சு. 2019 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், வேலே சாவி வாங்கிட்டா ஓட்டல் பொறுப்பு, அந்தச் சீட்ட காட்டி சொந்தக் கவனக்குறைவுலேர்ந்து தப்பிக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. இப்ப உங்க ஓட்டல்ல முகூர்த்த நாள்ல அப்படி ஒரு கார் போச்சுன்னா நோட்டீஸ் யாருக்கு வரும்? வேலே பையனுக்கு டிரெய்னிங் குடுத்தது பிராண்ட், சாவி போர்டு எங்க மாட்டணும்னு சொன்னது பிராண்டோட எஸ்ஓபி (வேலைய எப்படிச் செய்யணும்ங்கற விதிமுறை), ஆனா காசு கட்றது உங்க ஆளு. ஜிஎம்மும் டிபார்ட்மென்ட் ஹெட்டுகளும் பண்ற தப்பு ஆபரேட்டர் தப்புதான்னு எழுத வைங்க. முழுசா குடுக்க மாட்டாங்க, ஜிஎம் வரைக்கும் வருவாங்க.

பர்ஃபார்மன்ஸ் டெஸ்ட் இருக்கான்னு பாருங்க. பட்ஜெட்ல சொன்ன லாபத்துல இத்தன சதவீதம் வரணும், போட்டி ஓட்டல்களோட ரூம் வருமானத்துல இத்தன சதவீதம் வரணும்னு ரெண்டு இருக்கும், ரெண்டுலயும் தொடர்ந்து ரெண்டு வருஷம் பெயில் ஆனாத்தான் வெளிய அனுப்பலாம்னு எழுதியிருப்பாங்க. ரெண்டுலயும் ஒரே சமயத்துல பெயில் ஆகறது நடக்கவே நடக்காது. பட்ஜெட் போடறதே அவங்கதான? ஏதாவது ஒண்ணுல பெயில் ஆனாப் போதும்னு கேளுங்க. போட்டி ஓட்டல் லிஸ்ட்ட நீங்களும் சேந்து முடிவு பண்ணணும், பெரியார் பஸ் ஸ்டாண்ட் லாட்ஜோட ஒப்பிட்டு பாஸ் ஆயிடக்கூடாது.

உங்களுக்கு மட்டும் இருக்குற ரெண்டு சிக்கல். கோயில் இடம்னா இந்து அறநிலையத் துறைச் சட்டம் 34ஆம் பிரிவு, அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைன்னா கமிஷனர் அனுமதி வேணும், இல்லாட்டி செல்லாது. உங்க கட்சிக்காரருக்கு அந்த அனுமதி இருக்கா, எத்தன வருஷத்துக்கு இருக்கு? ஏன்னா பார்க்கிங் உட்பட மொத்த இடத்துக்கும் 20 வருஷம் தடங்கலில்லாத உரிமை எங்களுக்கு இருக்குன்னு ஓனர் உத்தரவாதம் குடுக்கற கிளாஸ் கண்டிப்பா இருக்கும். அந்தப் பார்க்கிங்க உத்தரவாதத்துலேர்ந்து வெளிய எடுங்க. ரெண்டாவது, டிரான்ஸ்ஃபர் டெஃபனிஷன். விக்கறது, பார்ட்னர் மாறுறது, பங்கு மாறுறது எல்லாத்துக்கும் ஆபரேட்டர் சம்மதம் வேணும்னு இருக்கும். அண்ணன் தம்பி மூணு பேர்ங்கறீங்க, 20 வருஷத்துக்குள்ள ஒரு பாகப்பிரிவினை, ஒரு செட்டில்மென்ட் டீட், பிள்ளைங்க பார்ட்னராச் சேர்றது இதெல்லாம் நடக்காமயா இருக்கும்? குடும்பத்துக்குள்ள மாறுனா சம்மதம் தேவையில்லன்னு தனி பாரா போடுங்க. இத மும்பைக்காரன் டிராஃப்ட்ல எப்பவும் எதிர்பாக்க முடியாது, பாகப்பிரிவினை பாத்த வக்கீல்தான் கேக்கணும், அது நீங்கதான்.

ஜோடி விஷயம்: 2019 டிசம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட், கோயமுத்தூர்ல சீல் வெச்ச சர்வீஸ் அபார்ட்மென்ட் வழக்குல, கல்யாணம் ஆகாத ரெண்டு மேஜர் ஒரே ரூம்ல தங்கறதத் தடுக்குற சட்டம் எதுவுமில்லன்னு தெளிவாச் சொல்லியிருக்கு, சீலையும் எடுக்கச் சொல்லிடுச்சு. பெரியவர்கிட்ட அந்த ஆர்டர பிரின்ட் எடுத்துக் குடுங்க. ஐடி வாங்கி ரிஜிஸ்டர்ல ஏத்துறது, வெளிநாட்டுக்காரங்க வந்தா 24 மணி நேரத்துக்குள்ள அரசுக்குத் தகவல் குடுக்கறது, இதுல கோட்டை விட்டாத்தான் போலீஸ் பிரச்சனை.

டெபிட் கிரெடிட்:

பாரிமுனை சார் சட்டம் சொல்லிட்டாரு, நான் ஆடிட்டர், காசு பக்கம் மட்டும் சொல்றேன். சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 60 ரூம், வருஷத்துக்கு 65 சதவீதம் நெறையுது, சராசரி 4,500 ரூபாய்னா ரூம்ல மட்டும் ஏறக்குறைய 6.4 கோடி. ஹால், சாப்பாடு எல்லாம் சேத்து மொத்தம் 10 கோடின்னு வெச்சுக்குவோம். மொத்த வருமானத்துல பேஸ் பீஸ் 3 சதவீதம்னா 30 லட்சம், இது லாபம் வந்தாலும் வராட்டியும் போயிடும். ஆபரேட்டிங் லாபம் மூணரைக் கோடின்னா அதுல 7 சதவீதம் இன்சென்டிவ், 24.5 லட்சம். மார்க்கெட்டிங் கான்ட்ரிப்யூஷன்னு ஒண்ணரை சதவீதம், 15 லட்சம். ஆக 69.5 லட்சம். புக்கிங்குக்கு ஒரு சார்ஜ், லாயல்ட்டி பாயின்ட்டுக்கு ஒரு சார்ஜ்னு மூணாவது டாக்குமென்ட்ல தனியா இருக்கும், அத இதுல சேக்கல.

இந்த 69.5க்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, பன்னிரண்டரை லட்சம். இங்கதான் நெறைய பேர் தடுக்கி விழறாங்க. முன்னாடி 7,500 ரூபாய் வரைக்கும் ரூமுக்கு 12 சதவீதம் வரி, இன்புட் எடுத்துக்கலாம், அதாவது நாம வாங்குனதுக்குக் கட்டுன ஜிஎஸ்டிய நாம கட்ட வேண்டிய வரில கழிச்சுக்கலாம். 2025 செப்டம்பர் 22லேர்ந்து 5 சதவீதம் ஆயிடுச்சு, ஆனா இன்புட் கிடையாது, 18 கட்டிட்டு இன்புட் எடுத்துக்கறேன்னு கேக்கவும் வழியில்ல. கஸ்டமருக்கு சந்தோஷம், ஓனருக்கு பிராண்ட் பீஸ் மேல கட்ற ஜிஎஸ்டி அப்படியே செலவு. ஏசி, கட்டில், மெத்தை, கிச்சன் சாமான் வாங்குன வரியும் அப்படித்தான். ரெஸ்டாரண்ட்டும் 5 சதவீதத்துல இருந்தா அதுலயும் இன்புட் இல்ல. ரெஸ்டாரண்ட்ட மட்டும் விருப்பப்பட்டு 18க்கு மாத்தலாம், ஆனா மதுரைல இட்லிக்கு 18 சதவீதம் போட்டா எவன் வருவான்? டிராஃப்ட்ல பீஸ் எல்லாம் "வரி தனி"ன்னு இருக்கும். பேசும்போது 3 சதவீதம்னு பேசாதீங்க, வரியோட 3.54னு பேசுங்க, கேக்குற விதமே மாறும்.

அந்த மூணு டாக்குமென்ட்ல எதுலயாச்சும் கையெழுத்துப் போடறது வெளிநாட்டுக் கம்பெனியான்னும் பாருங்க. துபாய் ஹயாத் கம்பெனி டெல்லி ஓட்டலுக்குக் குடுத்த மேற்பார்வை சர்வீஸ் வழக்குல, அவங்களுக்கு இந்தியாவுல நிரந்தர ஸ்தாபனம் (வரிக் கணக்குல இங்கயே தொழில் நடத்துற இடம்) இருக்கு, வரி கட்டணும்னு 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. "எங்களுக்கு எந்த வரியும் பிடிக்காம முழுசா வரணும்"னு கிளாஸ் இருந்தா அந்த வரியையும் உங்க ஆள்தான் சுமப்பாரு. அந்த கிளாஸ முழுசா அடிச்சுடுங்க.

முன்னாள் இன்ஹவுஸ்:

நான் ஆபரேட்டர் பக்கம் லீகல்ல இருந்தவ, இப்ப வெளிய. மேல எழுதுனதப் படிச்சா நாங்க எல்லாம் கொள்ளைக்காரங்க மாதிரி இருக்கு, கொஞ்சம் எங்க பக்கமும் சொல்லணும். வேலே சாவி போர்டுன்னு ஒரு எஸ்ஓபி இருக்கறதே பிராண்ட் இருக்கறதாலதான். ஓனர் என்ன பண்ணுவாருன்னு கேளுங்க: பர்ச்சேஸ்ல மச்சான உக்கார வைப்பாரு, முகூர்த்த நாள்ல ஹால சொந்தக்காரங்களுக்கு ஓசில குடுத்துட்டு அதையும் வருமானத்துல கணக்குக் காட்டக் கூடாதும்பாரு, மார்கழில அக்கவுண்ட் காலியானா பணம் போட மாட்டாரு, ஒண்ணாந்தேதி சம்பளத்துக்கு ஜிஎம் எனக்கு போன் பண்ணுவாரு. 20 வருஷம் கேக்கறதுக்கும் காரணம் இருக்கு, ஓட்டல் ஒழுங்கா நிக்க மூணு வருஷம் ஆகும், பேர் எடுத்துக் குடுத்ததும் ஓனர் வெளிய அனுப்பிட்டு சொந்தப் பேர்ல நடத்துனா எங்க உழைப்பு என்னாகறது?

ஆனா "ஸ்டாண்டர்ட் பார்ம், மாத்த மாட்டோம்"ங்கறது மட்டும் சுத்தப் பொய், அது டெவலப்மென்ட் ஆளுங்க டயலாக். அவங்களுக்கு எத்தன ஓட்டல் கையெழுத்து ஆச்சுங்கறதுதான் கணக்கு, மார்ச் மாசம் நெருங்க நெருங்க எது கேட்டாலும் நடக்கும். எது கிடைக்கும் எது கிடைக்காதுன்னு சொல்றேன். பிராண்ட் ஸ்டாண்டர்ட், பேர் உரிமை, வருமானத்து மேல பேஸ் பீஸ், இதுல கை வைக்க முடியாது. முத ரெண்டு மூணு வருஷம் பீஸ் கம்மி, கிடைக்கும். சுத்தி இத்தன கிலோமீட்டருக்குள்ள அதே பேர்ல வேற ஓட்டல் வராதுன்னு ஏரியா பாதுகாப்பு, கிடைக்கும், ஆனா அதே கம்பெனியோட வேற பேர் ஓட்டல் வரலாம்னு ஒளிச்சு வெச்சிருப்போம், அதப் பிடிங்க. மேப்ல கோடு போட்டு அக்ரிமென்ட்லயே ஒட்டச் சொல்லுங்க, நகர எல்லைன்னு எழுதுனா நாளைக்கு எல்லை மாறும். ஜிஎம்ம மாத்தும்போது ரெண்டு மூணு பேர ஓனர் இன்டர்வியூ பண்ணி ஒருத்தரத் தேர்ந்தெடுக்கறது, கிடைக்கும். அவங்க காட்டுற ஆள வேணாங்கற உரிமை, ஒரு தடவைக்கு மேல கிடைக்காது.

பேங்க்க மறந்துட்டீங்க எல்லாரும். லோன் வாராக்கடன் ஆகி பேங்க் சர்ஃபேசி சட்டத்துல (கோர்ட்டுக்குப் போகாம அடமானச் சொத்த எடுக்கற சட்டம்) கட்டடத்த எடுத்தாலும் ஆபரேட்டர் தொடர்வார்னு பேங்க்கிட்ட ஒரு கடிதம் வாங்கித் தர்ற பொறுப்ப ஓனர் மேல போட்டிருப்போம். நம்மூர் பொதுத்துறை பேங்க் அதுல லேசுல கையெழுத்துப் போடாது. "வாங்கித் தரணும்"னு இருக்கறத "முயற்சி பண்ணணும்"னு மாத்துங்க, இல்லாட்டி கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே உங்க கட்சிக்காரர் ஒப்பந்தத்த மீறுனவரா (டிஃபால்ட்) ஆயிருப்பாரு.

அப்புறம் ரெண்டு பக்கத்துக்கும் நீங்களே பாருங்கன்னு அந்த டெவலப்மென்ட் மேனேஜர் சொன்னாரே, அவங்களுக்கு உள்ள லீகல் டீமே இருக்குங்க. அதுக்கு அர்த்தம் நீங்க எதுவும் கேக்காதீங்கன்னுதான். ஓனருக்கு மட்டும்தான் ஆஜர்னு இன்னிக்கே ஒரு மெயில் போட்டுடுங்க.

ஏற்காடுக்காரன்:

வக்கீல் இல்லைங்க, ஏற்காட்டுல சின்ன ரிசார்ட், ஒரு பிராண்டுகிட்ட குடுத்திருக்கோம், பேர் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். அவங்க எஸ்ஓபில ரெஸ்டாரண்ட் பில்லுல சர்வீஸ் சார்ஜ் தானா ஏறும். கஸ்டமர் ஒருத்தர் எடுக்கச் சொல்லியும் பில்லிங்ல இருந்த பையன் சிஸ்டம்ல எடுக்க வராதுன்னுட்டான், அவரு கன்ஸ்யூமர் கோர்ட் போயிட்டாரு, எதிர்மனுதாரர் யாருன்னா எங்க அப்பா. ஹெட் ஆபீஸ்ல கேட்டா "லைசென்ஸ் ஹோல்டர் நீங்கதான சார்"ங்கறாங்க. சட்டத்துக்கு ஒத்து வராத எஸ்ஓபிக்கு யார் பொறுப்புன்னு அக்ரிமென்ட்ல ஒரு வரி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அப்புறம் பட்ஜெட். நாம ஒத்துக்கலன்னா போன வருஷ பட்ஜெட் பிளஸ் விலைவாசி ஏத்தம்னு தானா ஓடும். அதனால "நாங்க ஒத்துக்கல"ங்கறதுக்கு ஒரு அர்த்தமும் இல்லாமப் போயிடுது.

பாரிமுனை:

ஏற்காடு சார், சர்வீஸ் சார்ஜ கட்டாயமா ஏத்தக் கூடாதுன்னு 2022 ஜூலைல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டுச்சு, அத எதிர்த்துப் போன சங்கங்களுக்கு 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட் ஆளுக்கு ஒரு லட்சம் அபராதமும் போட்டு அனுப்பிடுச்சு. அந்த எஸ்ஓபிய இன்னிக்கே மெயில்ல எழுத்து மூலமா எதிர்த்து வைங்க, சும்மா இருந்தா நீங்களும் உடந்தை. தண்ணி பாட்டில எம்ஆர்பிக்கு மேல விக்கறது வேற கதை, அது ஓட்டல்களுக்குப் பொருந்தாதுன்னு 2017லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ரெண்டையும் சேத்து யோசிக்காதீங்க.

முன்னாள் இன்ஹவுஸ் மேடம், மச்சான் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை, மறுக்கல.

வைகைக்கரை வக்கீல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நெஜமாவே இவ்ளோ எதிர்பாக்கல. மெயில் போட்டுட்டேன், ஓனருக்கு மட்டும்தான்னு. கோயில் இடத்துக்கு அனுமதி மூணு வருஷத்துக்குத்தான் இருக்கு, பார்க்கிங்க வெளிய எடுக்கப் போறேன். ரெண்டு சந்தேகம். ஒண்ணு, பீஸ் எப்படிக் கேக்கறது, இங்க டிராஃப்டிங்னா பத்திரம் எழுதற ரேட்டுதான் குடுப்பாங்க. இன்னொண்ணு, நேத்துதான் நடுத்தம்பி வாய விட்டாரு, ஆறு மாசம் முன்னாடி ஏதோ ரெண்டு பக்க பேப்பர்ல கையெழுத்துப் போட்டு, டெக்னிக்கல் சர்வீஸ்னு ஒரு செக்கும் குடுத்திருக்காங்களாம். "அது சும்மா எல்ஓஐ (விருப்பக் கடிதம்) சார், ஒண்ணும் கட்டுப்படுத்தாது"ங்கறாரு.

பாரிமுனை:

அத மொதல்ல சொல்றதுக்கென்ன தம்பி. எல்ஓஐ பொதுவா கட்டுப்படுத்தாதுதான், ஆனா அதுக்குள்ளயே ரெண்டு மூணு பாரா மட்டும் கட்டுப்படுத்தும்னு எழுதியிருப்பாங்க: ரகசியம், செலவு யாரு ஏத்துக்கறது, இத்தன நாளைக்கு வேற பிராண்டுகிட்ட பேசக் கூடாதுங்கற எக்ஸ்க்ளூசிவிட்டி. பீஸ் சதவீதமும் வருஷமும் அதுலயே எழுதி கையெழுத்து வாங்கியிருந்தா, சட்டப்படி கட்டுப்படுத்தாட்டியும் பேச்சுவார்த்தைல "நீங்கதான சார் ஒத்துக்கிட்டீங்க"ன்னு அதத்தான் நீட்டுவாங்க. செக் எதுக்குக் குடுத்தது, திரும்ப வருமா, டிசைன் யாருக்குச் சொந்தம், அதயும் பாக்கணும். பேர், சர்வே நம்பர் எல்லாம் அழிச்சுட்டு எனக்குத் தனி மெசேஜ்ல அனுப்புங்க, இங்க போடாதீங்க. எக்ஸ்க்ளூசிவிட்டி முடிஞ்சிருந்தா இன்னொரு பிராண்டுகிட்டயும் ஒரு டிராஃப்ட் கேட்டு வாங்குங்க, உங்க கைல இருக்குற ஒரே துருப்பு அதுதான்.

பீஸ் வந்து, பக்கக் கணக்குல கேக்காதீங்க, மொத்த வேலைக்கு ஒரு தொகை, மூணு ரவுண்டு திருத்தம் வரைக்கும், அதுக்கு மேல போனா தனி. டெபிட் கிரெடிட் சார் போட்ட 69.5 லட்சக் கணக்க, வருஷத்துக்கு வருஷம்னு அடிக்கோடு போட்டு பெரியவர் முன்னாடி வெச்சுட்டு அப்புறம் பீஸ் பேசுங்க.